கொழுப்பு மாற்று அறுவை சிகிச்சை: முகத்துக்கும் உடம்புக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, ஒட்டிப்போன கன்னத்திலோ குழி விழுந்த தழும்பிலோ மார்பிலோ பின்புறத்திலோ (பிட்டத்திலோ) ஏற்றுவதுதான் கொழுப்பு மாற்று சிகிச்சை. மருத்துவர்கள் இதை ஃபேட் கிராஃப்டிங் என்பார்கள். விளம்பரங்களில் இதற்கு வேறு வேறு பெயர்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு வாசகம் மட்டும் மாறாது: 'உங்கள் சொந்தக் கொழுப்பு, அதனால் பக்கவிளைவே இல்லை.'

சொந்தக் கொழுப்பு என்பதால் ஒவ்வாமை வராது, உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தள்ளாது. அந்த அளவுக்கு உண்மைதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் பார்வையைப் பறிகொடுத்தவர்களும் உயிரையே விட்டவர்களும் உண்டு. அவர்கள் உடம்பில் ஏறியதும் சொந்தக் கொழுப்புதான். எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு ஏற்றினார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனவே முதலில் அந்தச் சூட்சுமத்தைப் பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால், எந்த மருத்துவரை நம்பலாம், எவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏற்றிய கொழுப்பு எப்படிப் பிழைக்கிறது

1893-ல் ஜெர்மனியைச் சேர்ந்த குஸ்டாஃப் நோய்பர் என்ற அறுவை மருத்துவர், கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் குழி விழுந்த தழும்பை நிரப்பினார். சின்னச் சின்னத் துண்டாக வைத்தால்தான் நிற்கிறது, பெரிய துண்டு நிற்பதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார். நூறு வருடம் கழித்து, நியூயார்க்கின் சிட்னி கோல்மன் 1990-களில் வகுத்த முறையும் அதே புள்ளிக்குத்தான் வந்து சேர்ந்தது: மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, வெளியே இழுக்கும்போது துளித் துளியாக, பல அடுக்குகளில், பல திசைகளில் விட வேண்டும். முகத்தில் ஒரு இழுப்புக்கு 0.1 மில்லி, அல்லது அதற்கும் குறைவு.

காரணம் இதுதான். உறிஞ்சி எடுத்த நொடியே அந்தக் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்தில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து வரும் வரை, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் நீரைக் குடித்துத்தான் அது உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கசிவு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது. கொழுப்பு உருண்டையாகச் சேர்ந்துவிட்டால் ஓரம் பிழைக்கும், நடு சாகும். செத்த நடுப்பகுதி எண்ணெய்க் கட்டியாகவோ கல்போன்ற முடிச்சாகவோ உள்ளேயே தங்கும். நாற்று நடுவது போலத்தான்: ஒவ்வொன்றுக்கும் மண்ணும் தண்ணீரும் எட்ட வேண்டும், கட்டோடு சேற்றில் அழுத்தினால் அழுகத்தான் செய்யும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏற்றியது முழுவதும் நிற்காது. பாதி நின்றாலே நல்ல பலன். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இது மாறும். எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும் உதட்டில் நிற்பது குறைவு, கன்னத்தில் அதிகம். 'ஒரே முறையில் நூறு சதவீதம் நிரந்தரம்' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு உடற்கூறு தெரியவில்லை, அல்லது உங்களிடம் மறைக்கிறார்.

முதல் படி: இது உங்களுக்கானதா?

வயதாலோ எடை குறைந்ததாலோ கன்னப்பொட்டும் கன்னமும் குழி விழுந்தவர்கள், கண்ணுக்குக் கீழே பள்ளம் உள்ளவர்கள், விபத்து அல்லது தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், முகத்தின் ஒரு பாதி மட்டும் மெலிந்துகொண்டே போகும் பாரி-ராம்பெர்க் நோய் வந்து, அது ஓய்ந்து நின்றுவிட்டவர்கள், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வடிவம் கெட்டவர்கள். இவர்களுக்கெல்லாம் இது உண்மையிலேயே நல்ல சிகிச்சை. தீக்காயத் தழும்புக்கு அடியில் கொழுப்பு வைத்தால், பள்ளம் நிரம்புவதோடு இறுகிய தோல் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அழகு விளம்பரங்கள் பேசாத இந்தப் பயன்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

யாருக்கு வேண்டாம்? மிகவும் ஒல்லியானவர்களுக்கு எடுக்கவே கொழுப்பு இருக்காது. எடை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் ஒரே எடையில் நின்ற பிறகு வரட்டும். இடம் மாறினாலும் கொழுப்பு கொழுப்புதான்: எடை கூடினால் கன்னத்தில் வைத்ததும் கூடும், எடை இறங்கினால் அதுவும் கரையும். புகை பிடிப்பவர்கள் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தாவிட்டால், நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஏற்றிய கொழுப்பைப் பட்டினி போட்டுவிடும். கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் உறைதல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப்போடத்தான் வேண்டும். கண்ணாடியில் ஒரே குறையை நாள் முழுக்கப் பார்த்து வேதனைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வேதனையை எந்த ஊசியும் எடுக்காது. முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் நல்லது.

இரண்டாம் படி: யார் கையில் ஒப்படைப்பது?

இங்கே நின்று நிதானமாக யோசியுங்கள். மற்ற எந்தப் படியில் சறுக்கினாலும் சரிசெய்யலாம், இதில் சறுக்கினால் கஷ்டம்.

இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவையில் எம்.எஸ். முடித்து, அதற்கும் மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) முடித்தவர். சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு 'காஸ்மெடிக் சர்ஜன்', 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று பலகை வைத்திருப்பவர் வேறு. பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இலங்கையில் என்றால் இலங்கை மருத்துவச் சபையின் பதிவேடு. கேட்கச் சங்கடப்பட வேண்டாம், நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

அடுத்து இடம். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் போன 21 வயது கன்னட நடிகை ஒருவர் இறந்துபோனார். அங்கே போதிய தீவிர சிகிச்சை வசதி இல்லை என்று பெற்றோர் குற்றம்சாட்டினார்கள். அந்த ஒரு கேள்வியை நீங்களும் முன்கூட்டியே கேளுங்கள்: எனக்கு மூச்சுத் திணறினால் வெண்டிலேட்டர் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா, எத்தனை நிமிடத்தில் கிடைக்கும்? மயக்க மருந்து நிபுணர் தனியாக இருப்பாரா, அல்லது அறுவை செய்பவரே அதையும் பார்த்துக்கொள்வாரா? கொழுப்பை ஏற்றுவது மருத்துவர்தானா, உதவியாளரா? அன்று அவருக்கு எத்தனை கேஸ்? இன்னொன்று: வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: கலந்தாலோசனை

மருத்துவர் உங்களை நிற்க வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். படுத்தால் கன்னப் பள்ளம் மறைந்துவிடும், வயிறு தட்டையாகிவிடும். தோலைக் கிள்ளித் தடிமன் பார்ப்பார், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சாய்வாகவும் படம் எடுப்பார். பள்ளம் கொழுப்பு குறைந்ததால் வந்ததா, தோல் தொங்குவதால் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்வார். தொங்கும் தோலைக் கொழுப்பு போட்டு நிமிர்த்த முடியாது. அப்படி முயன்றால் முகம் உப்பிப்போகும்.

பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். சினிமா நட்சத்திரத்தின் படத்தை விட, இருபத்தைந்து வயதில் எடுத்த உங்கள் சொந்தப் படம்தான் மருத்துவருக்கு நல்ல வழிகாட்டி.

பள்ளத்தை ஜெல் போட்டு நிரப்பும் ஃபில்லர் ஊசியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஹையலூரானிக் ஃபில்லர் சில மாதங்களிலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் கரைக்க மருந்து உண்டு. கொழுப்பு நின்றால் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் கரைக்க மருந்து இல்லை. கொஞ்சமே கொஞ்சம் பள்ளம் உள்ளவர்களுக்கு ஃபில்லரே போதும். அதைச் சொல்லும் மருத்துவர் நேர்மையானவர்.

மார்பில் ஏற்றுவதாக இருந்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது ஸ்கேன் முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஏற்றிய கொழுப்பில் சில இடங்களில் சுண்ணாம்புப் படிவு வரும், அது புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கிளப்பலாம். இந்தப் பயத்தால்தான் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1987-ல் மார்பகத்தில் கொழுப்பு ஏற்றுவதே கூடாது என்றது. எக்ஸ்ரே படங்களைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர்கள் இந்தப் படிவையும் புற்றுநோயையும் பிரித்தறியத் தேர்ந்த பிறகு, 2009-ல் அந்த நிலையைத் தளர்த்தியது. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: தயாராகும் வாரங்கள்

ரத்த அணுக்கள், உறைதல் நேரம், சர்க்கரை, ஹெபடைடிஸ், எச்.ஐ.வி., இ.சி.ஜி. ஆகிய பரிசோதனைகள் வழக்கமானவை. நம் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தசோகை இருப்பதால் ஹீமோகுளோபினைத் தனியாகக் கவனியுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச் சத்து எடுத்து, அந்த அளவைக் கூட்டிக்கொண்டு வரலாம். இது அவசரமாகச் செய்ய வேண்டிய சிகிச்சை அல்ல.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. கருத்தடை மாத்திரை காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் அதுவும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்தில் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், வழக்கமான பட்டினி நேரம் போதாமல் போகலாம்.

கல்யாணத்துக்காகச் செய்துகொள்பவர்கள், முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஒரு மாதம் இருக்கும்போது செய்தால் ஆல்பம் முழுக்க உப்பின முகம்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: அறுவை நாள்

தியேட்டருக்குள் போகும் முன் நிற்க வைத்து மார்க்கரால் கோடு போடுவார்கள். எடுக்க வேண்டிய இடமும் ஏற்ற வேண்டிய இடமும் தனித்தனி அடையாளத்தில் இருக்கும். கண்ணாடியில் நீங்களும் பார்த்து, சந்தேகம் இருந்தால் அப்போதே கேளுங்கள்.

முகம் மட்டும் என்றால் மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் போதும். உடம்பில் பெரிய அளவு என்றால் முழு மயக்கம். கொழுப்பு எடுக்கும் இடத்தில் சலைனோடு (உப்புநீரோடு) மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவத்தை நிறைய ஏற்றுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987-ல் வெளியிட்ட இந்த முறைக்குப் பிறகுதான் கொழுப்பு உறிஞ்சும்போது ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. லிக்னோகெயினுக்கு உச்சவரம்பு உண்டு, உடல் எடையைக் கணக்குப் போட்டுத்தான் கலக்க வேண்டும். நீங்கள் சொல்லும் எடை சரியாக இருக்க வேண்டியது இதற்காகவும்தான்.

சில நிமிடம் கழித்து அரை சென்டிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக கேனுலா என்னும் குழாயை விட்டு, மெதுவான அழுத்தத்தில் உறிஞ்சுவார்கள். அழுத்தம் கூடினால் கொழுப்புச் செல்கள் உடைந்துவிடும்.

எடுத்த சிரிஞ்சுகளை நிமிர்த்தி வைத்தாலோ சுழற்றும் எந்திரத்தில் சுற்றினாலோ மூன்று அடுக்காகப் பிரியும். கோல்மன் முறையில் நிமிடத்துக்கு 3000 சுற்று, மூன்று நிமிடம். மேலே தெளிந்த மஞ்சள் எண்ணெய். அது உடைந்த செல்களிலிருந்து வந்தது. அடியில் சிவந்த தண்ணீர், சலைனும் ரத்தமும் கலந்தது. நடுவில், வெண்ணெய் நிறத்தில் நிற்பதுதான் ஏற்ற வேண்டிய கொழுப்பு. மேலும் கீழும் உள்ளதைக் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஒரு மில்லி சிரிஞ்சுகளுக்கு மாற்றுவார்கள். 300 மில்லி உறிஞ்சினால் ஏற்றத் தகுந்தது அதைவிட நன்றாகவே குறைந்திருக்கும்.

முகத்தில்

முழு முகத்துக்கும் சேர்த்துப் பெரும்பாலும் சில பத்து மில்லிக்குள் முடிந்துவிடும். கண்ணுக்குக் கீழே தோல் காகிதம்போல மெல்லியது, அங்கே கூடுதலாகப் போனால் சின்ன முடிச்சும் வெளியே தெரியும். அந்த இடத்துக்குப் பலர் கொழுப்பை இன்னும் நுண்ணியதாக்கி, வடிகட்டி, 'நானோஃபேட்' என்ற பெயரில் போடுகிறார்கள். பெல்ஜியத்தின் பேட்ரிக் டொனார்ட் குழு 2013-ல் விவரித்த முறை இது. அதில் முழுக் கொழுப்புச் செல் அநேகமாக மிஞ்சாது, பள்ளத்தை நிரப்பாது. தோலின் தரத்துக்கும் கருவளையத்துக்கும்தான் போடுகிறார்கள். இதை 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று பெரிய தொகைக்கு விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும்தான் முகத்தின் பெரிய ஆபத்து. அங்குள்ள ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. அழுத்தித் தள்ளிய கொழுப்பு குழாய்க்குள் புகுந்து பின்னோக்கிப் போனால் பார்வை பறிபோகும், பக்கவாதமும் வரும். அரிதுதான், ஆனால் வந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். கூர்மையான ஊசியா, மழுங்கிய கேனுலாவா என்று கேட்பது இதற்காகத்தான்.

பின்புறத்தில்

பின்புறத்தில் கொழுப்பு ஏற்றுவது 'பிரேசிலியன் பட் லிஃப்ட்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. அழகுக்காகச் செய்யும் அறுவைகளில் இதற்கு நிகராக உயிர் குடித்தது இல்லை. 2017-ல் வெளியான சர்வதேசக் கணக்கெடுப்பு சுமார் 3000 பேரில் ஒருவர் இறக்கிறார் என்று காட்டியது. பிட்டத் தசைக்குள்ளும் அடியிலும் பெரிய ரத்தநாளங்கள் இருக்கின்றன. தசைக்குள் ஏற்றிய கொழுப்பு, கிழிந்த நாளம் வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைத்துக்கொள்ளும். பல மரணங்கள் மேசையிலேயே நடந்தவை. பிரேதப் பரிசோதனைகளில் எல்லாம் தசைக்குள் கொழுப்பு இருந்தது.

அதன்பின் 2018-ல் பிளாஸ்டிக் சர்ஜன்களின் பல சங்கங்கள் சேர்ந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள அடுக்கில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று எச்சரித்தன. ஃப்ளோரிடா மாகாணம் 2019-ல் தசைக்குள் ஏற்றுவதைத் தடை செய்தது. அதே மாகாணம் 2022-ல் ஒரு மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும் என்று விதி போட்டது. பிரிட்டனின் அழகியல் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 2018-ல் உறுப்பினர்களை இதைச் செய்யவே வேண்டாம் என்று சொல்லி, 2022-ல்தான் அல்ட்ராசவுண்டோடு தோலடியில் மட்டும் என்ற நிபந்தனையில் விட்டது.

ஆகவே பின்புறத்துக்கு என்றால் ஒரே கேள்வி: அல்ட்ராசவுண்ட் வைத்து, தோலடியில் மட்டும் ஏற்றுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கே செய்துகொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: வீடு திரும்பிய பிறகு

முகத்தில் இரண்டாம், மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும், நிறையவே பயமுறுத்தும். கன்றிய நிறம் இரண்டு வாரத்தில் வடியும். தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுங்கள். முகத்தை அழுத்துவது, ஃபேஷியல், தலை மசாஜ், எண்ணெய்க் குளியல் எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். புது ரத்தக் குழாய்கள் பிடிக்கும் நேரத்தில் கொழுப்பை அசைக்கக் கூடாது.

கொழுப்பு எடுத்த இடத்தில்தான் வலி அதிகம். இறுக்கமான உடை நான்கிலிருந்து ஆறு வாரம் போட வேண்டும். நம் வெயிலில் அது பெரிய தண்டனைதான், இரண்டு உடை வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள். ஏற்றிய இடத்தை மட்டும் அந்த உடை இறுக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் பாசத்தோடு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்: அந்தத் தோலுக்கு வாரக்கணக்கில் உணர்வு இருக்காது, சூடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. துளைகளில் மஞ்சள் பூசவும் வேண்டாம்.

பின்புறத்தில் செய்தவர்கள் குறைந்தது இரண்டு வாரம் நேரடியாக அதன்மேல் உட்காரக் கூடாது. தொடைக்கடியில் தலையணை வைத்து, பின்புறம் தொங்கும்படி உட்காரலாம். எல்லோருமே முதல் நாளிலிருந்தே எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தக்கட்டு வராமல் இருக்க. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் வந்து செய்துகொள்பவர்கள், திரும்பும் விமானத்தை அடுத்த வாரத்துக்குப் போடாதீர்கள். தொற்று வந்தால் பார்க்க வேண்டியது உங்களுக்கு அறுவை செய்த அதே மருத்துவர்தான்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, பார்வை மங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், குளிர் காய்ச்சல், தோல் கறுத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சில வாரம் கழித்து, வலியில்லாமல் சிவந்த கட்டி வந்து ஆறாமல் சீழ் வைத்தால், சாதாரண ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியின் தொற்றாக இருக்கலாம். சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

செலவு

எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், அறை, உடை, இரண்டாவது முறைக்கான கட்டணம், எல்லாம் தனித்தனியாக. இந்தியாவில் அழகுக்கான அறுவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறைபாட்டையோ விபத்துக் காயத்தையோ சீரமைக்கச் செய்தால் அந்த வரி கிடையாது. காப்பீடும் அப்படித்தான்: அழகுக்கு வராது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு வரலாம். தழும்பால் கஷ்டப்படுகிறவர்கள் தனியார் கிளினிக்கில் கடன் வாங்கிச் செய்வதற்கு முன், சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: காத்திருப்பும் இரண்டாவது முறையும்

முதல் மாதத்தில் 'அதிகமாகிவிட்டதே' என்று தோன்றும், மூன்றாம் மாதத்தில் 'கரைந்துவிட்டதே' என்று தோன்றும். இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். ஆறாம் மாதப் படம்தான் உண்மையான பலன். அப்போது குறை தெரிந்தால் இரண்டாவது முறை செய்யலாம். தழும்புகளுக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று முறை தேவைப்படும், அது தோல்வி அல்ல.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த இடத்தில் எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மார்பில் ஏற்றியவர்கள் பத்து வருடம் கழித்து மேமோகிராம் எடுக்கப் போனாலும், படம் எடுப்பவரிடம் அந்தச் சம்மரியையும் பழைய படங்களையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.